மின்னாற்பகுப்பு: சமன்பாட்டை எழுதுவதற்கு முன்பே நேரும் தவறுகள்

மின்சாரத்தைச் செலுத்தி ஒரு பொருளைப் பிரிக்கும் மின்னாற்பகுப்பு பற்றிய வினாக்களில் மதிப்பெண் இழக்கும் மாணவர்களில் பலருக்குச் சமன்பாடு எழுதத் தெரியாமல் இல்லை; கலத்துக்குள் எந்தெந்தத் துகள்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்காமலேயே அவர்கள் விடையைத் தொடங்கிவிடுகிறார்கள்.

இதனால் நேரும் தவறுகளுள் மிகப் பரவலானது நீரை மறந்துவிடுவதுதான். உருகிய சோடியம் குளோரைடில் மின்சாரத்தைச் செலுத்தினால் எதிர்மின்வாயில் சோடியமும் நேர்மின்வாயில் குளோரினும் கிடைக்கும். இதை மனப்பாடம் செய்தவர், அதே உப்பின் நீர்க்கரைசலுக்கும் சோடியம் என்றே எழுதிவிடுகிறார். கரைசலிலோ சோடியம் அயனியைவிட நீர் எளிதில் எலக்ட்ரானை ஏற்பதால் ஹைட்ரஜன் வாயுவே வெளிப்படுகிறது. அப்போது உருவாகும் ஹைட்ராக்சைடு அயனிகள் சோடியம் அயனிகளோடு தங்கிவிடுவதால் கரைசல் காரத்தன்மை அடைகிறது. நேர்மின்வாயில் நிகழ்வதைச் செறிவு தீர்மானிக்கிறது: செறிந்த கரைசலில் குளோரினும், மிக நீர்த்த கரைசலில் பெரும்பாலும் ஆக்சிஜனும் வெளிப்படும். ஆகவே உருகிய, செறிந்த, நீர்த்த என்னும் சொற்களை வினாவில் கண்டவுடன் அடிக்கோடிடுவது நல்லது. விடையே அவற்றில்தான் இருக்கிறது.

அடுத்தது, மின்வாய் எதனால் ஆனது என்பதைக் கவனிக்காமல் விடுவது. காப்பர் சல்பேட் கரைசலில் பிளாட்டினம் மின்வாய்களை வைத்தால், எதிர்மின்வாயில் காப்பர் படிய, நேர்மின்வாயில் ஆக்சிஜன் வெளிவரும். கரைசலின் நீல நிறம் படிப்படியாக வெளிறி, அமிலத்தன்மை கூடும். காப்பர் மின்வாய்களை வைத்தாலோ நேர்மின்வாயே கரைந்து, படியும் அளவுக்கு ஈடாக அயனிகளைத் தருவதால் நிறம் மாறுவதில்லை. காப்பரைத் தூய்மையாக்கும் முறைக்கு இதுவே அடிப்படை.

கம்பியில் நகர்பவை எலக்ட்ரான்கள், கரைசலில் நகர்பவை அயனிகள். எலக்ட்ரான்கள் கரைசலை நீந்திக் கடப்பதாகப் படம் வரைவது பிழை. ஆனோடில் ஆக்சிஜனேற்றமும் (எலக்ட்ரான் இழப்பு) கேத்தோடில் ஒடுக்கமும் (எலக்ட்ரான் ஏற்பு) எல்லாக் கலங்களிலும் நிகழும். ஆனால் மின்னாற்பகுப்புக் கலத்தில் நேர்முனையாக இருக்கும் ஆனோடு, வேதிவினையால் மின்சாரம் தரும் கால்வானிக் கலத்தில் எதிர்முனையாகிவிடும். எனவே முனையின் குறியை வைத்து வினையை ஊகிக்காமல், எலக்ட்ரான் இழக்கப்படுகிறதா ஏற்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும்.

கணக்குகளில் நேரத்தை நிமிடத்திலேயே விட்டுவிடுவதும், அயனியின் மின்சுமையை மறப்பதும் வழக்கம். 2 ஆம்பியர் மின்னோட்டம் 965 விநாடி பாய்ந்தால் 1930 கூலும் மின்சுமை கிடைக்கும். ஒரு மோல் எலக்ட்ரானுக்கு ஏறத்தாழ 96,500 கூலும் என்பதால், இது 0.02 மோல் எலக்ட்ரான். சில்வர் அயனிக்கு ஓர் எலக்ட்ரான் போதும் என்பதால் 0.02 மோல், அதாவது 2.16 கிராம் சில்வர் படியும். காப்பர் அயனிக்கு இரண்டு தேவைப்படுவதால் 0.01 மோல், அதாவது 0.635 கிராம் மட்டுமே படியும். 1.27 கிராம் என்று விடை வந்தால், இரண்டால் வகுக்க மறந்திருக்கிறீர்கள்.