கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள்: கூருணர்வு உள்ளவர்களுக்குச் சில வழிகள்

சிறு வயதிலிருந்தே 'தொட்டாற்சிணுங்கி' என்று பெயர் வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். மிக்சி ஓடத் தொடங்கியதும் சமையலறையை விட்டு நகர்ந்துவிடுபவர்கள், புதுச் சட்டையின் கழுத்தில் தைத்திருக்கும் துணிச் சீட்டைக் கத்தரித்த பிறகே அணிபவர்கள், அறைக்குள் நுழைந்த கணமே யாருடைய முகம் வாடியிருக்கிறது என்று கண்டுகொண்டு அன்று முழுவதும் அதைச் சுமந்து திரிபவர்கள் எல்லாரும் இந்த வகையினர்தாம். சத்தம், வெளிச்சம், தொடுகை, பிறர் மனநிலை எல்லாம் மற்றவர்களை விட ஆழமாகத் தாக்கும் இந்த இயல்பைத்தான் கூருணர்வு என்கிறேன். அமெரிக்க உளவியலாளர் எலெய்ன் ஆரோன் 1990களில் இதை ஆராயத் தொடங்கி, தம் கணவர் ஆர்தர் ஆரோனுடன் சேர்ந்து 1997இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் அதை அளப்பதற்கு 27 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றையும் தந்தார். நூற்றில் 15 முதல் 20 பேருக்கு இந்த இயல்பு உண்டு என்பது அவருடைய மதிப்பீடு. 2018இல் வந்த மற்றோர் ஆய்வு நூற்றில் ஏறத்தாழ 30 பேரை உயர்ந்த கூருணர்வு நிலையில் வைத்தது. இது நோய்ப் பட்டியலில் உள்ள ஒன்றல்ல. பிரிட்டனில் பதின்வயது இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வு, இவ்வியல்பில் மனிதர்களிடையே காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி மரபுவழி வருவது என்று 2020இல் கூறியது. ஆகவே 'பழகினால் சரியாகிவிடும்' என்று பெரியம்மாக்கள் சொல்வதில் பாதிதான் உண்மை.

கூச்ச சுபாவத்தையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கூருணர்வு உடையவர்களில் பத்தில் மூவர் கலகலப்பானவர்கள் என்று ஆரோனே எழுதியிருக்கிறார். நானும் அந்த மூவரில் ஒருத்தி. மனிதர்கள் வேண்டும், பேச்சு வேண்டும், ஆனால் மூன்று மணி நேரத்துக்குப் பிறகு மண்டைக்குள் ஈயம் காய்ச்சி ஊற்றியது போல் ஆகிவிடும்.

அலுவலகம், பேருந்து, கடைத்தெரு என எங்கும் இந்தத் தொல்லை உண்டு என்றாலும், எல்லாம் ஒரே கூரையின்கீழ்க் கூடும் இடம் நம் ஊர்க் கல்யாண மண்டபம்தான். என் உறவுப் பெண் ஒருத்தியின் வரவேற்பில், இசைக்குழுவின் ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே இரண்டாம் வரிசையில் என்னை அன்போடு உட்காரவைத்தார்கள். மேடையில் எல்.இ.டி. திரை மின்னிக்கொண்டிருந்தது, வீடியோக்காரரின் ஃபோகஸ் லைட் நிமிடத்துக்கு ஒரு முறை முகத்தில் விழுந்தது, புது ரவிக்கையின் ஜரிகை கையின் உட்புறத்தை அறுத்தது, மதியம் சரியாகச் சாப்பிடவில்லை, பக்கத்தில் இருந்த அத்தை பாட்டுக்கு மேல் குரலை உயர்த்தி என் சம்பளத்தை விசாரித்தார். அழுகை வரும் போலிருந்ததால் எழுந்து, கால் போன போக்கில் நடந்து, மண்டபத்தின் ஸ்டோர் ரூமுக்குள் போய் நின்றேன். சாக்கில் தேங்காய், சுவரோரம் நான்கு பூசணிக்காய், ஈரத்துணி போர்த்திய வாழை இலைக் கட்டுகள், அரையிருட்டு, சில்லென்ற சிமென்ட் தரை. பத்து நிமிடம் அங்கே நின்றதும் மூச்சு சீரானது. என்னை வீழ்த்தியது எது என்று அங்கேதான் யோசித்தேன். பாட்டு மட்டும் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். வெளிச்சம், பசி, ஜரிகை, கேள்வி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியதுதான் காரணம்.

எனவே முதல் வேலை, தவிர்க்க முடியாததைக் கண்டு மலைக்காமல், கூடச் சேர்ந்துகொள்ளும் சில்லறைத் தொல்லைகளை முன்கூட்டியே கழித்துவிடுவது. தவிலை நிறுத்த முடியாது, பசியை நிறுத்தலாம். எது உங்களை அதிகம் பாதிக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பிருந்து ஒரு சிறு நோட்டில் எரிச்சல் வந்த நேரம், இடம், அப்போது கேட்டது, பார்த்தது, உடுத்தியது, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், முந்தைய இரவு தூங்கிய மணிக்கணக்கு ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். எனக்கு ஒலிதான் எதிரி என்று பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். நோட்டைப் பார்த்தபோது, மோசமான நாள்கள் எல்லாமே தூக்கம் கெட்ட இரவுக்கு மறுநாள் வந்தவை என்று தெரிந்தது.

உடையை ஒரு வாரம் முன்பே அணிந்து வீட்டில் இரண்டு மணி நேரம் நடமாடிப் பாருங்கள். ரவிக்கைக்கு உட்புறம் மெல்லிய பருத்தி லைனிங் வைத்துத் தரச் சொன்னால் தையற்காரர் தருவார். ஆண்கள் கஞ்சி போட்ட புது வேட்டியை ஒரு முறை அலசிவிடலாம். மண்டபத்து அறையில் பத்துப் பேரோடு பாயில் படுத்து, விடியற்காலை மூன்று மணிக்குக் குளியலறைக் கதவைத் தட்டும் சத்தத்தில் எழுவதை விட, வீடு அருகில் இருந்தால் வீட்டிலேயே தூங்கிவிட்டு முகூர்த்தத்துக்கு வருவது மேல். வெளியூர் என்றால் பக்கத்து லாட்ஜில் ஓர் அறைக்குச் செலவழிப்பது வீண் இல்லை. காப்பியில் கவனம் தேவை. குடித்த கஃபீனில் பாதி வெளியேறவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், மாலை வரவேற்பில் கொடுக்கும் ஃபில்டர் காப்பி நள்ளிரவிலும் உடம்பில் இருந்துகொண்டிருக்கும்.

உட்காரும் இடத்தை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டுமானால் அரை மணி நேரம் முன்னதாகப் போயாக வேண்டும். திறந்த வெளியில் ஒலிபெருக்கியிலிருந்து தூரம் இரட்டிக்கும்போது ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். மண்டபத்தில் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் அந்த அளவுக்குக் குறையாது. ஆகவே பின்னால் போவதோடு பக்கவாட்டில் ஒதுங்குவதும் அவசியம். ஒலிபெருக்கியின் முகத்துக்கு நேரே இல்லாத இடத்தில் காதைக் கிழிக்கும் மேல்ஸ்தாயி நன்றாகவே மட்டுப்படும். ஓரத்து இருக்கையாகவும், சாப்பாட்டுக் கூடத்துக்கோ வெளிவாசலுக்கோ பக்கமாகவும் இருந்தால் யாருடைய முழங்காலையும் இடிக்காமல் எழுந்து போகலாம். இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: நாதஸ்வரமும் தவிலும் கோயில் வீதிக்கும் திறந்த வெளிக்கும் பிறந்தவை. தேரடியில் நின்று தூரத்திலிருந்து கேட்கும் தோடி கண்ணில் நீர் வரவழைக்கும். அதே வாத்தியத்தைத் தாழ்ந்த கூரைக்குள் மைக் வைத்து ஒலிக்கச் செய்வது வித்வானுக்கும் அநியாயம், கேட்பவருக்கும் அநியாயம்.

மருந்துக் கடையில் கிடைக்கும் நுரைக் காதடைப்பான் நல்ல துணை, ஆனால் பலர் அதைத் தவறாகவே போடுகிறார்கள். இரு விரல்களால் மெல்லிய குச்சியைப் போல உருட்டி, மற்றொரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே செலுத்தி, நுரை விரியும் வரை அரை நிமிடம் விரலால் அழுத்தியிருக்க வேண்டும். தலைமுடியாலோ மல்லிகைச் சரத்தாலோ மறைந்துவிடும்; யாரும் கேட்கப் போவதில்லை. பேச்சும் அடைபடுகிறது என்றால் இசைக் கலைஞர்கள் பயன்படுத்தும், ஒலியை மட்டுப்படுத்தி மட்டும் அனுப்பும் வகையை வாங்கலாம். இரண்டில் எதையும் நாள் முழுவதும் அணியாதீர்கள். நெடுநேரம் அமைதிக்குப் பழகிய செவி, கழற்றியதும் சாதாரண ஒலியையே உரக்கக் கேட்கத் தொடங்கிவிடும்.

சும்மா உட்கார்ந்திருப்பவரை எல்லாரும் விசாரிப்பார்கள். வேலை செய்பவரை யாரும் தொந்தரவு செய்வதில்லை. தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலை, பாக்கு போட்டு அடுக்கும் பொறுப்பை முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஓர் அறை, இரண்டு மூன்று பேர், கைக்கு ஒரே மாதிரி வேலை, அளவான பேச்சு. உறவினர்களுக்கும் நல்ல பெயர். மொய் எழுதும் மேசையை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். கூட்டம் நெருக்க, நான்கு பேர் ஒரே நேரத்தில் பெயர் சொல்ல, தொகையில் பிழை வரக் கூடாது என்ற பயமும் சேரும் இடம் அது. பந்தியிலும் இதே கணக்குதான். நடுப் பந்தியில் உட்கார்ந்தால், பாயசம் வருவதற்குள் உங்கள் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்பார். முதல் பந்தி அல்லது கடைசிப் பந்திதான் நமக்கு உகந்தது. கடைசியில் வடை தீர்ந்திருக்கலாம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இடைவேளையைக் களைப்பு வந்த பிறகு எடுப்பதில் பயன் குறைவு. நான் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை, நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், பத்து நிமிடம் வெளியே போய்விடுவேன். மண்டபத்துக்குள் நுழைந்ததும் அமைதியான மூலை எங்கே என்று பார்த்துவைத்துக்கொள்வேன்: மாடிப்படித் திருப்பம், வாகன நிறுத்தத்தின் வேப்ப மரத்தடி, அல்லது அந்த ஸ்டோர் ரூம். அங்கே போய்க் கைப்பேசியை எடுத்தால் போனதே வீண். முகத்தையும் மணிக்கட்டையும் குளிர்ந்த நீரில் நனைத்து, தூரத்தில் அசையாமல் இருக்கும் ஒன்றைப் பார்த்தபடி, மூச்சை இழுக்கும் நேரத்தை விட விடும் நேரத்தை நீட்டி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் சில நிமிடம் விட்டால் நெஞ்சுத் துடிப்பு தணிவதை உணரலாம்.

உறவினர்களிடம் உளவியல் பாடம் நடத்த வேண்டாம். "கொஞ்ச நேரம் காத்தாட நின்னுட்டு வந்துடறேன் சித்தி" என்றால் போதும். 'வந்துடறேன்' என்ற சொல்தான் அவர்களைச் சமாதானப்படுத்துகிறது. "தலைவலி" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஐந்து பேர் தைலத்தோடு உங்களைச் சூழ்ந்துகொள்வார்கள். கணவன், மனைவி, உடன்பிறந்தவர் எனக் கூட வருபவர் ஒருவரிடம் மட்டும் உண்மையை முன்பே சொல்லி, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதையும் வீட்டிலேயே பேசி முடிவு செய்துவிட வேண்டும். மண்டபத்தில் வைத்துப் பேசினால் வாக்குவாதம்தான் வரும்.

மண்டபத்துக்கு எதிர்வீட்டில் குடியிருப்பவர்களுக்கு வேறொரு செய்தி. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. திருவிழா, பண்பாட்டு நிகழ்ச்சிகளுக்காக ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். நேரம் கடந்தும் ஒலித்தால் காவல் கட்டுப்பாட்டறைக்குத் தெரிவிப்பது உங்கள் உரிமை. அதற்குத் தொட்டாற்சிணுங்கியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஒலியோ வெளிச்சமோ திடீரெனத் தாங்க முடியாமல் போனால், ஒரு பக்கத் தலைவலி, குமட்டல், காது இரைச்சல் சேர்ந்திருந்தால், அது பிறவி இயல்பு என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒற்றைத் தலைவலியும் செவிக் கோளாறும் இதே வேடத்தில் வரும். பதற்றமோ சோர்வோ வாரக்கணக்கில் நீடித்தால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416இல் தமிழிலேயே பேசலாம். உதவி தேடுவதில் நமக்கு ஓர் அனுகூலமும் உண்டு. இங்கிலாந்தில் 11 வயதுச் சிறுமிகளுக்குப் பள்ளியில் மனச்சோர்வைத் தடுக்கும் பயிற்சி அளித்தபோது, கூருணர்வு மிகுந்த சிறுமிகளிடம்தான் பலன் தெரிந்தது என்று 2015இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

கல்யாணத்துக்கு மறுநாள் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். மறுவீட்டு விருந்துக்கு அழைத்தால், மாலையில் வருவதாகச் சொல்லிவிட்டு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து குவியும் நானூறு புகைப்படங்களையும் ஓசையில்லாமல் அடக்கிவைத்து, காலைச் சாப்பாட்டுக்கு ரசம் சாதம் மட்டும் வைத்துக்கொண்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம்.