ஜப்பான் பிசினஸ் ஹோட்டலில் ஒன்சென் குளியல்: முதல் முறை போகும் பெண்களுக்கு

போன குளிர்காலத்தில் வேலை விஷயமாகப் பத்து நாள் ஜப்பானில் இருந்தேன். மலைப்பக்கத்து ர்யோகான் எனும் பாரம்பரிய விடுதிகளில் தங்கும் அளவுக்குக் கையில் பணம் இல்லை. ஆனால் ரயில் ஸ்டேஷன் பக்கத்திலேயே, மாடியில் ஒன்சென், அதாவது வெந்நீரூற்றுக் குளியல் உள்ள பிசினஸ் ஹோட்டல் ஒன்று 9,000 யென்னுக்குக் கிடைத்தது. அறை சின்னது, பெட்டியைத் திறந்தால் நடக்க இடம் இருக்காது. அந்தக் குளியலுக்காக மறுபடியும் அங்கேயே தங்குவேன். நீங்களும் பயப்படாமல் போய் வர, நான் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

ஹோட்டலைத் தேர்ந்தெடுப்பது

முதலில் மூன்று சொற்களைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். 'தாய்யோகுஜோ' என்றால் பெரிய பொதுக் குளியலறை. அதில் சாதாரணக் குழாய்த் தண்ணீரும் இருக்கலாம். 'ஜின்கோ ஒன்சென்' என்றால் தாதுப்பொருள் கலந்து செய்த செயற்கை ஊற்று. 'தென்னென் ஒன்சென்' என்பதுதான் இயற்கை ஊற்று. மொழிபெயர்த்துக் காட்டும் புக்கிங் தளங்கள் மூன்றையும் ஒரே மாதிரி 'வெந்நீரூற்று' என்று போட்டுவிடுவதுண்டு.

நான் பார்க்கும் அடையாளம் குளியல் வரி. 'ன்யூதோ சேய்' என்று பெயர். பெரும்பாலான ஊர்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 யென். அது இயற்கைத் தாதுநீர்க் குளியலுக்குத்தான் போடப்படுகிறது. கட்டண விவரத்தில் அந்த வரி இருந்தால் எனக்குத் திருப்தி. ஹோட்டலின் சொந்தத் தளத்தில்தான் இதெல்லாம் தெளிவாக இருக்கும். அதனால் விலையை எங்கே ஒப்பிட்டாலும் அறையை அங்கேதான் பதிவு செய்கிறேன்.

ஒரு விஷயம்: 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஊற்றில் தண்ணீர் 25 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தாலோ, குறிப்பிட்ட 19 பொருட்களில் ஒன்று போதிய அளவு இருந்தாலோ அது ஒன்சென். அதனால் சூடாக்கிய தண்ணீர் என்று போட்டிருந்தால் ஏமாற்று என்று நினைக்காதீர்கள். தோக்கியோவில் காமாதா பக்கம் ஊற்றுநீர் கறுப்புத் தேநீர் மாதிரி இருக்கும், பழங்காலத் தாவரங்கள் மக்கி வந்த நிறம். அழுக்கு என்று பின்வாங்கவும் வேண்டாம்.

அறையிலிருந்து குளியலுக்கு

பெண்கள் பகுதிக்குப் பல ஹோட்டல்களில் எண் பூட்டு இருக்கும். எண்ணை செக்-இன் செய்யும்போதே சீட்டில் எழுதித் தருவார்கள். அதைக் கையோடு எடுத்துப் போங்கள். அறையில் தந்திருக்கும் உடையைப் போட்டுக்கொண்டு போகலாம். அது யுகாதாவாக (மெல்லிய பருத்தி அங்கி) இருந்தால் இடப்பக்கம் மேலே வரும்படி கட்டுங்கள். வலப்பக்கம் மேலே வைப்பது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை.

வாசலில் திரைச்சீலை தொங்கும். நீலம் ஆண், சிவப்பு பெண் என்பது பொதுவான வழக்கம். ஆனாலும் எழுத்தைப் பாருங்கள். ஆணுக்கான எழுத்தின் மேல்பாதியில் நான்காகப் பிரித்த ஒரு கட்டம் இருக்கும். பெண்ணுக்கான எழுத்தில் கட்டமே இருக்காது, கோடுகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும். சில இடங்களில் காலையில் இரண்டு பக்கத்தையும் மாற்றிவிடுவார்கள். முந்தின இரவு போன பக்கம்தானே என்று அப்படியே நுழைந்துவிடாதீர்கள்.

உடை மாற்றும் அறையில் போனை எடுக்கவே கூடாது. தண்ணீர் விவரப் பலகையை அங்கேதான் மாட்டியிருப்பார்கள், ஆனால் போனில் மொழிபெயர்த்துப் பார்க்க முடியாது. கேட்க வேண்டியதை ரிசப்ஷனிலேயே கேட்டுவிடுங்கள்.

துண்டு

நான் தடுமாறியது இங்கேதான். உடம்பில் ஒன்றும் இல்லாமல் மற்றவர்கள் முன் நடப்பது எனக்குப் பழக்கமே இல்லை. குளத்தில் குளித்தாலும் பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு குளித்து வளர்ந்தவள். அதனால் பெரிய துண்டைச் சுற்றிக்கொண்டு கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டேன். முக்காலியில் உட்கார்ந்து தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டி எழுந்து வந்தார். என் துண்டைத் தொட்டுக் காட்டினார், வெளியே கூடைகள் இருந்த தட்டைக் காட்டினார், பிறகு தன் சின்னத் துண்டை மடித்துத் தலையில் வைத்துக் காட்டினார். அவ்வளவுதான். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

பெரிய துண்டு கூடையிலேயே இருக்க வேண்டும். உள்ளே சின்னத் துண்டு மட்டும். நடக்கும்போது முன்னால் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் அது தொட்டித் தண்ணீரில் படக்கூடாது. இரண்டு நிமிடத்தில் கூச்சம் போய்விடும். அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

அப்புறம் தேய்த்துக் குளியுங்கள், முழுசாக. முக்காலியைக் கழுவிவிட்டு உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும். நின்றால் பக்கத்தில் இருப்பவர் மேல் தெறிக்கும். பம்ப் பாட்டில்களில் ஜப்பானிய எழுத்துதான் இருக்கும். பக்கவாட்டில் விரலால் தடவிப் பாருங்கள், வரிவரியாகப் பள்ளம் மேடு இருந்தால் ஷாம்பூ, வழவழப்பாக இருந்தால் கண்டிஷனர். தேங்காய் எண்ணெய் வைத்த தலை என்றால் இரண்டு முறை அலசுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் தொட்டியில் மிதக்கும். கூந்தலை உயர்த்திக் கட்டிக்கொண்டு, உடம்பில் நுரை துளியும் இல்லை என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

தண்ணீர் 40 முதல் 42 டிகிரி இருக்கும். முதல் முறை ஐந்து நிமிடம் போதும். எழும்போது மெதுவாக எழுங்கள். சட்டென்று எழுந்து எனக்குக் கண் இருட்டி, சுவரைப் பிடித்து நின்றேன். வெளியே வருமுன் சின்னத் துண்டைப் பிழிந்து உடம்பை ஒற்றிக்கொள்ளுங்கள், உடை மாற்றும் அறைத் தரை நனையக்கூடாது.

இரவு பத்து மணிக்குக் கூட்டம். நான் விடிகாலை ஐந்தரைக்குப் போவேன், சில நாள் தொட்டி முழுக்க எனக்கு மட்டும்தான். டார்மி இன் ஹோட்டல்களில் இரவு 9:30 முதல் 11 மணி வரை ராமென் நூடுல்ஸ் இலவசம், பெயர் மட்டும் 'யோனாகி சோபா'. குளித்துவிட்டு அதைச் சாப்பிடுவது தனி சுகம். ஆனால் அதன் சாறு சைவம் இல்லை, சைவக்காரர்கள் கவனிக்கவும்.

பின்சேர்க்கை: கருத்துப் பகுதியில் கேட்டவை

மருதாணி போட்டிருந்தால்? அவர்களுக்கு அது பச்சை குத்தியது போலத் தெரியலாம். பல இடங்களில் பச்சைக்கு அனுமதி இல்லை. கைகளைக் காட்டி ரிசப்ஷனில் கேட்டுவிடுங்கள். மாதவிடாய் நாட்களில் பொதுத் தொட்டி வேண்டாம், அறையிலேயே குளித்துக்கொள்ளுங்கள்.

எட்டு வயது மகனைக் கூட்டிப் போகலாமா என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். கூடாது. 2020இல் அரசின் வழிகாட்டுதல் மாறியது. ஏறத்தாழ ஏழு வயதிலிருந்தே எதிர்ப்பாலர் பகுதிக்குள் போகக்கூடாது. அவன் அப்பாவோடு போகட்டும்.

கொலுசு, மெட்டி பற்றி மூன்று பேர் கேட்டீர்கள். கந்தகம் உள்ள ஊற்றில் வெள்ளி கறுத்துவிடும். கழற்றி அறைப் பெட்டகத்தில் வையுங்கள், உடை மாற்றும் கூடையில் போட வேண்டாம்.