தளி பக்கம் வீடு வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூரிலிருந்து தளி சாலையில் ஒருமுறை போய்வந்தால் போதும், அங்கேயே ஒரு வீடு வேண்டும் என்று மனசு கேட்கும். குளிர்ந்த காற்று, ராகிக் கொல்லை, ரோஜாத் தோட்டம். ‘குட்டி இங்கிலாந்து’ என்று சும்மா பெயர் வைக்கவில்லை. பெங்களூரும் பக்கம். ஆனால் பதினைந்து வருடம் கழித்து உங்களிடம் வாங்க வருகிறவர் மலையைப் பார்த்து விலை பேசமாட்டார். தண்ணீர் எப்படி, பத்திரம் எப்படி என்றுதான் கேட்பார்.

அறிவிப்பை நம்பி விலை கொடுப்பது பலரும் செய்யும் தவறு. ஓசூருக்கு விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அன்றிலிருந்து புரோக்கர் சொல்லும் விலையில் அந்த விமான நிலையமும் சேர்ந்துவிட்டது. நாளைய விலையை இன்றே கொடுத்துவிட்டால் உங்களுக்கு ஏறுவதற்கு என்ன மிச்சம்? பக்கத்தில் அண்மையில் பதிவான கிரயம் என்ன, அந்தத் தெருவில் வாடகை எவ்வளவு என்று விசாரியுங்கள்.

‘பட்டா இருக்கு சார்’ என்றதும் திருப்தியாகிவிடாதீர்கள். சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாம் காட்டும் வில்லங்கச் சான்றை 30 வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். மனைப்பிரிவுக்கு டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம், பின்னால் விற்பதும் கஷ்டம். நிலத்தின் எல்லையைக் காட்டும் புல வரைபடத்தில் ஓடையோ ஏரிப் புறம்போக்கோ தொடுகிறதா, வீட்டுக்குப் போகும் வண்டிப்பாதை அதில் இருக்கிறதா என்பதும் முக்கியம். வாய்ச்சொல்லில் விட்ட வழி அடுத்த தலைமுறைக்கு நிற்காது.

காட்டு ஓரம் என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். ராகி முற்றும் காலத்தில் கர்நாடகத்தின் பன்னேருகட்டா காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை காடுகளுக்கு வரும். அவை காலங்காலமாக நடக்கும் வழி அது. இருட்டிய பிறகு அந்தச் சாலையில் உள்ளூர்க்காரர்கள் பைக்கில் போகிறார்களா என்று கேட்டாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

கடைசியாகச் சொன்னாலும் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஐப்பசி மழையில் வீட்டைப் பார்த்து, மாசியில் குடிபோனது. சித்திரையில் மோட்டார் பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்கவில்லை. வாசலில் நீல டிரம்கள், வாரம் இரண்டு லாரித் தண்ணீர். எவர்சில்வர் குடத்துக்குள் படிந்த உப்பை அந்த அம்மா நகத்தால் சுரண்டிக் காட்டினார்.

உப்பாவது கண்ணுக்குத் தெரிகிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடு கண்ணுக்கும் தெரியாது, கொதிக்கவைத்தாலும் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். அந்தக் குழாய் உங்கள் தெருவுக்கு வருகிறதா, வாரத்தில் எத்தனை நாள் வருகிறது? புரோக்கரை விட்டுவிட்டு அக்கம்பக்கத்தில் மூன்று வீடுகளில் கேளுங்கள். அப்புறம், முன்பணம் கொடுக்கும் முன்னால் போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தத் தண்ணீர் குடிக்க ஆகாது.