வாரம்தோறும் வரும் ரீஏஜென்ட்: ஆய்வகக் கையிருப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவமனை ஆய்வகங்களில் ரீஏஜென்ட் (சோதனைக்கான வேதிப்பொருள்), கிட் முதலியவற்றை மாதக்கணக்கில் அடுக்கி வைக்காமல், சப்ளையருடன் பேசி வைத்துத் தேவைக்கேற்ப வரவழைப்பதால் குளிர்பெட்டியில் இடமும் முடங்கும் பணமும் மிச்சமாகின்றன. ஆனால், பொருள் வந்திறங்கும் நாளையே அது பயன்பாட்டுக்குத் தயாராகும் நாளாகக் கணக்கிடுவது முதல் தவறு.

புதிய லாட்டை, அதாவது ஒரே தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்த பொருளை, சரிபார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்கிறது மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 15189 தரநிலை. வழக்கமாக, சில நோயாளிகளின் மாதிரிகளைப் பழைய லாட்டிலும் புதிய லாட்டிலும் ஓட்டி, முடிவுகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். பழைய கிட் தீர்ந்த காலையில்தான் புதியது வருகிறதென்றால் எதனோடு ஒப்பிடுவது? ஒரே லாட்டைப் பல மாதங்களுக்கு ஒதுக்கி வைத்துத் தவணையாக அனுப்பும்படி சப்ளையரிடம் எழுத்தில் பெற்றுக்கொண்டால் இந்த வேலை வெகுவாகக் குறையும்.

100 டெஸ்ட் கிட்டில் 100 நோயாளிகளைப் பார்த்துவிடலாம் என்று எண்ணுவதும் தவறே. காலிபரேஷன் (இயந்திரத்தின் அளவீட்டைச் சரிசெய்வது), அன்றாடக் கண்ட்ரோல் (விடை தெரிந்த மாதிரியை ஓட்டிப் பார்ப்பது), திரும்பச் செய்யும் சோதனைகள் எல்லாம் அதிலிருந்துதான் போகின்றன. குறைவாகக் கேட்கப்படும் சோதனைகளில் இந்தச் செலவு நோயாளிகளின் எண்ணிக்கையையே மிஞ்சிவிடுவதுண்டு.

இரண்டு சப்ளையர்கள் இருந்தால் பாதுகாப்பு என்று நம்புபவர்கள், இருவரும் ஒரே உற்பத்தியாளரின் பொருளை விற்கிறார்களா என்று பார்ப்பதில்லை. 2024 ஜூலையில் அமெரிக்காவில் பெக்டன் டிக்கின்சன் நிறுவனத்தின் பேக்டெக் ரத்தக் கல்ச்சர் பாட்டில்களுக்கு (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பாட்டில்கள்) தட்டுப்பாடு ஏற்பட்டபோது, காரணம் அந்நிறுவனத்துக்குப் பிளாஸ்டிக் பாட்டில் வழங்கியவரிடம் இருந்தது. வேறு நிறுவனத்தின் பாட்டில் அந்த இயந்திரத்தில் பொருந்தாது என்பதால், பல மருத்துவமனைகள் யாருக்குக் கல்ச்சர் எடுப்பது என்பதிலேயே கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. இப்படி ஒரே நிறுவனத்தின் பொருளை மட்டுமே ஏற்கும் மூடிய இயந்திரங்களுக்கான பொருள்களில் மட்டுமாவது, எக்ஸ்பயரி இடம் கொடுக்கும் அளவுக்குக் கூடுதல் ஸ்டாக் வைப்பதே விவேகம். கையுறைக்கும் பிப்பெட் டிப்புக்கும் (திரவம் எடுக்கும் கருவியின் முனை) இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை.

பெறுபவர் யாரென்று தீர்மானிக்காமல் சனிக்கிழமை மாலை டெலிவரிக்கு ஒப்புக்கொள்வது இன்னொன்று. 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டிய பெட்டி செக்யூரிட்டி மேசையடியில் திங்கள் வரை கிடந்தால், தெர்மாகோலுக்குள் ஜெல் பேக் உருகியிருக்கும். பொருள் போனதோடு, மாற்றுக்கு வைத்த ஸ்டாக்கும் இராது.

கடைசியாக, அடிக்கடி அவசரமாகக் கேட்டுவிட்டு பில்லை மட்டும் மாதக்கணக்கில் நிலுவையில் வைக்கும் ஆய்வகம், தட்டுப்பாடு வரும்போது சப்ளையரின் வரிசையில் எங்கே நிற்கும் என்பதைக் கணக்குப் பிரிவுக்கும் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.