சின்னப் பிள்ளை விழுங்கச் சிரமப்பட்டால்: எப்போது ஓடுவது, வீட்டில் என்ன செய்வது

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: இது எப்போது தொடங்கியது? இன்றைக்கா, மாதக்கணக்காகவா? செய்ய வேண்டியது எல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தே மாறும்.

நேற்று வரை சோறும் மீனும் தின்ற ஒன்றரை வயதுப் பிள்ளை இன்றைக்குச் சாப்பாட்டைத் துப்புகிறது, வீணீர் வடிக்கிறது, குடித்த தண்ணீரைத் திருப்பி விடுகிறது என்றால், வேறு காரணம் தெரியும் வரை எதையோ விழுங்கிவிட்டது என்றே எடுங்கள். “நாங்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்” என்பதை நம்பி இருக்க வேண்டாம். சாப்பாட்டுக் குழாயின் மேற்பகுதியில் நாணயம் சிக்கினாலும் மூச்சு ஒழுங்காக வரலாம், பிள்ளை ஓடி விளையாடவும் கூடும்.

நாணயத்தை விடப் பயப்பட வேண்டியது பொத்தான் பற்றரி. ரிமோட், கார்ச் சாவி, திருவிழாக் கடையில் வாங்கும் வெளிச்சம் எரியும் விளையாட்டுச் சாமான் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. 20 மில்லிமீற்றர் அகலமான லித்தியம் பற்றரி சின்னப் பிள்ளையின் குழாயில் இலகுவாகச் சிக்கும். உள்ளே இருப்பது ஒழுகுவதுதான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பற்றரியின் மின்னோட்டம் ஈரமான தசையில் காரத்தை உண்டாக்குகிறது. 2 மணித்தியாலத்துக்குள் கடுமையாகப் புண்ணாகிவிடும். ரிமோட்டுக்குப் போதாமல் கழற்றிப் போட்ட பழைய பற்றரியும் இதைச் செய்யும்.

சந்தேகம் வந்த உடனே இலங்கையின் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், அது இலவசம். கையில் வாகனம் இருந்து அதுதான் விரைவு என்றால் அதிலேயே போங்கள். சத்தி எடுக்க வைக்க வேண்டாம், சாப்பாடு கொடுக்க வேண்டாம். விலக்கு ஒன்றுதான்: பற்றரி என்று தெரிந்தோ பலமாகச் சந்தேகித்தோ, விழுங்கி 12 மணித்தியாலம் ஆகாமல், பிள்ளை ஒரு வயது தாண்டி, விழுங்கவும் முடிகிறதென்றால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 தேக்கரண்டி தேன் கொடுக்கலாம், மொத்தம் 6 தடவை வரை. தேன் தேடிக் கடைக்குப் போய் நேரத்தை விடாதீர்கள். ஆஸ்பத்திரியில் “பற்றரியாக இருக்கலாம்” என்ற சொல்லை முதலிலேயே சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் நாணயம் ஒற்றை வட்டமாகத் தெரியும், பற்றரியின் ஓரம் பெரும்பாலும் இரட்டை வளையமாகத் தெரியும். பிளாஸ்ரிக் துண்டும் பல மீன் முள்ளும் எக்ஸ்ரேயில் தெரியாது. ஆகவே படம் சுத்தமாக இருந்தும் வீணீர் நிற்கவில்லை என்றால் அதைத் திரும்பச் சொல்ல வேண்டும்.

சத்தமே வராமல் மூச்சுத் திணறினால் கதை வேறு. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை முன்னால் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 தட்டு. போகவில்லை என்றால் பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே உள்நோக்கி மேலே 5 அழுத்து. வெளியே வரும் வரை இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். ஒரு வயதுக்குக் கீழ் என்றால் வயிற்றை அழுத்தக் கூடாது. முதுகில் தட்டிய பிறகு நெஞ்சின் நடுவில் ஒரு கையின் உள்ளங்கை அடியால் 5 அழுத்து. பிள்ளை மயங்கினால் நெஞ்சு அழுத்தும் முதலுதவிக்கு மாறி, 1990 சொல்வதைக் கேளுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் தேடினால் அது இன்னும் கீழே போகும். மீன் முள்ளுக்குச் சோற்றுருண்டை விழுங்கக் கொடுப்பதும் அப்படித்தான்: சில வேளை முள் போகும், சில வேளை இன்னும் ஆழமாகக் குத்தும். நாவூறு கழிப்பவர்கள் கழிக்கட்டும், ஆனால் எக்ஸ்ரே எடுத்து வந்த பிறகு.

கழிவறை கழுவும் திராவகத்தைக் குடிதண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். அதைக் குடித்த பிள்ளை பிழைத்தாலும், சில கிழமைகளுக்குப் பிறகு குழாய் தழும்பேறி ஒடுங்கி, திரும்பவும் விழுங்க முடியாமல் போகலாம்.

இனி, மெதுவாக வந்த சிரமம். எது இறங்குகிறது, எது இறங்கவில்லை என்று பாருங்கள். கெட்டிச் சாப்பாடு மட்டும் சிக்கி, பால், கஞ்சி ஒழுங்காகப் போனால் குழாயில் ஒடுக்கமோ அழற்சியோ, இல்லாவிட்டால் பெருத்த டொன்சிலோ இருக்கலாம். இரவில் வாய் திறந்து குறட்டை விடும் பிள்ளையில் டொன்சிலையும் அடினொயிட்டையும் (மூக்கின் பின்னால் உள்ள சதை) முதலில் பார்ப்பார்கள். தண்ணீர் குடிக்கும்போது இருமல், குடித்த பின் குரல் ஈரமாகக் கரகரப்பது, அடிக்கடி நெஞ்சுச் சளி என்றால் தண்ணீர் மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறதா என்று பார்க்க வேண்டும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. இறைச்சியையும் பாணையும் வெறுத்து, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் கேட்டு, ஒரு மணித்தியாலம் மென்றுகொண்டே இருக்கும் பிள்ளைக்கு வீசிங்கோ தோல் கரப்பானோ இருந்தால், ஒவ்வாமையால் வரும் உணவுக்குழாய் அழற்சி ஒரு சாத்தியம். அதை எண்டோஸ்கோப்பி செய்து (கமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்த்து) சதைத் துணுக்கு எடுத்தே உறுதிப்படுத்துவார்கள். பால் அதற்கு வழக்கமான காரணங்களில் ஒன்று, ஆனாலும் பரிசோதனைக்கு முன் நீங்களாகவே பாலை நிறுத்தினால் அடையாளம் மறைந்துவிடலாம்.

மூன்று நாள் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: என்ன சாப்பாடு, எவ்வளவு, எத்தனை நிமிடம், இருமினதா, கன்னத்தில் ஒதுக்கி வைத்ததா, சத்தி எப்போது. இரண்டு வேளைச் சாப்பாட்டைக் கைபேசியில் வீடியோ எடுங்கள், முகமும் கழுத்தும் தெரிய வேண்டும். பெற்றோர் சொல்லும் விபரத்தை விட இந்தப் படம் அதிகம் சொல்லும், ஏனென்றால் கிளினிக்கில் பிள்ளை வாயே திறக்காது.

சாப்பாட்டில் எங்கள் பக்கத்துக்கே உரிய சிக்கல்கள் உண்டு. புட்டு உதிரி, வாயில் சிதறி உருண்டையாகச் சேராது. இடியப்பமும் சொதியும் அதைவிடக் கஷ்டம்: நூல் மெல்லப்பட முன்னமே சொதி தொண்டைக்கு ஓடிவிடும். இடியப்பத்தைச் சொதியில் 10 நிமிடம் ஊறவிட்டு நன்றாகப் பிசைந்து, மிதக்கும் சொதியை வடித்துக் கொடுங்கள். புட்டுக்கு 2 மேசைக்கரண்டி கெட்டித் தேங்காய்ப்பால் விட்டுக் குழையுங்கள். சம்பல் தேங்காய்ப்பூ வேண்டாம். பாண் ஈரமானால் பசைபோல் அண்ணத்தில் ஒட்டும், அதையும் விடுங்கள். திரிபோஷாச் சத்துமாவை உருண்டையாகப் பிடிக்காமல் கஞ்சியாகக் காய்ச்சுங்கள். கரண்டியைச் சரித்தாலும் உடனே ஓடாத எருமைத் தயிர் நல்லது, பால் ஒத்துக்கொண்டால். முள் நீக்கிய பாரை மீனைப் பருப்போடு மசிக்கலாம்.

மெல்லத் தெரிந்த பிள்ளைக்குத் துண்டு 8 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது, முள்ளுக்கரண்டியால் அமத்தினால் நசிய வேண்டும். சரியாக மெல்லாத பிள்ளைக்கு 2 மில்லிமீற்றர். இரண்டாவது கடைவாய்ப்பல் 23 மாதத்துக்குப் பிறகே வரும் என்பதை நினைத்துக்கொண்டால் இறைச்சியை வற்புறுத்த மனம் வராது. எடை குறைந்தால் அரைக் கோப்பைக் கஞ்சிக்கு 1 தேக்கரண்டி நெய் அல்லது பட்டர் சேருங்கள்.

பிள்ளையை நிமிர்த்தி இருத்துங்கள், பாதம் எதிலாவது ஊன்ற வேண்டும். தொங்கும் காலோடு விழுங்குவது கஷ்டம். படுத்தபடி போத்தல் வேண்டாம். அரைத் தேக்கரண்டி அளவாக, முந்தியது இறங்கிய பிறகே அடுத்தது. 30 நிமிடத்தில் கோப்பையை எடுத்துவிடுங்கள். பிறகு அரை மணித்தியாலம் படுக்க விடாதீர்கள். தண்ணீருக்கு மா கரைத்துத் தடிப்பாக்குவதை நீங்களாகத் தொடங்க வேண்டாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தண்ணீர்ச்சத்துச் சீக்கிரம் குறையும்: 8 மணித்தியாலமாக பம்பர்ஸ் நனையவில்லை, அழுதும் கண்ணீர் வரவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மற்றபடி, மருத்துவமாதுவிடம் நிறை பார்த்து வளர்ச்சிப் பதிவேட்டில் போடுவித்துக்கொண்டு, திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் குழந்தை மருத்துவ நிபுணரிடம் போங்கள். பேச்சுச் சிகிச்சையாளரையும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். பேசாத பிள்ளைக்கு மட்டுமல்ல, விழுங்குவதைச் சோதிப்பதும் அவர்கள் வேலைதான். சில பரிசோதனைக்குக் கொழும்பு லேடி றிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். மயக்க மருந்து கொடுக்கும் நாள் என்றால் எத்தனை மணியில் இருந்து பால், தண்ணீர் நிறுத்துவது என்று எழுதி வாங்குங்கள். விழுங்குவதைப் பார்க்கும் நாள் என்றால், பிள்ளை பசியோடு வர வேண்டும்; அதன் சொந்தக் கரண்டி, கோப்பை, சிக்குகிற சாப்பாடு ஒன்று, சிக்காத சாப்பாடு ஒன்று, கொப்பி, பதிவேடு, இவை பையில் இருக்க வேண்டும்.