பகுதிநேர இணைய வேலைக்கு வரி: கணக்கிடும் முறை, படிப்படியாக

இணையம் வழியாக மொழிபெயர்ப்போ வடிவமைப்போ செய்து ஆண்டுக்கு ஐம்பது, அறுபதாயிரம் ஈட்டுவோர் பலர், தொகை சிறியது என்பதாலோ நிறுவனமே டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்து அரசுக்குச் செலுத்தும் வரி) பிடித்துவிட்டது என்பதாலோ வரி முடிந்துவிட்டதாக எண்ணுகிறார்கள். இந்திய வருமான வரியில் பகுதிநேர வருமானத்துக்கென்று தனி வரம்பு கிடையாது. சம்பளம், வங்கி வட்டி ஆகியவற்றோடு சேர்த்தே அது கணக்கிடப்படும். 2025-26 நிதியாண்டையும் புதிய வரி முறையையும் கொண்டு இதைப் பார்ப்போம்.

படி 1: வரவைத் திரட்டுங்கள்

ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான வங்கிக் கணக்கையும், வருமான வரி இணையதளத்தில் உங்கள் பெயரில் உள்ள ஏஐஎஸ் அறிக்கையையும் (உங்கள் வரவுகளும் பிடித்த வரியும் பதிவாகும் ஆண்டு அறிக்கை) ஒப்பிடுங்கள். வங்கிக்கு 54,000 ரூபாய் வந்து, 6,000 ரூபாய் டிடிஎஸ் பிடிக்கப்பட்டிருந்தால், உங்கள் வரவு 60,000 ரூபாயே. வெளிநாட்டு வாடிக்கையாளர் எதையும் பிடிக்காமல் அனுப்பிய பணமும் இதில் சேரும்.

படி 2: செலவைக் கழியுங்கள்

இணையக் கட்டணத்தில் வேலைக்கான பங்கு, மென்பொருள் சந்தா போன்றவற்றை ரசீதோடு கழிக்கலாம். கணினியின் முழு விலையையும் ஒரே ஆண்டில் கழிக்க இயலாது. தேய்மானமாகவே, அதாவது ஆண்டுக்கு ஒரு பகுதியாகவே, கழிக்க வேண்டும். பொறியியல், கணக்கியல், தகவல் தொழில்நுட்பம் போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்கு மட்டும், வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவின்கீழ், செலவுக் கணக்குக் காட்டாமல் வரவில் பாதியை இலாபமாகக் காட்டும் எளிய வழி உண்டு.

படி 3: மொத்த வருமானத்தோடு சேருங்கள்

பலர் தடுமாறுவது இங்கேதான். ஒருவரின் சம்பளம் 12,50,000 ரூபாய் என்று கொள்வோம். சம்பளக்காரர்களுக்கான நிலையான கழிவு 75,000 போக மீதி 11,75,000. வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாததால் தள்ளுபடி கிடைத்து வரி இல்லை. மொழிபெயர்ப்பில் வந்த 60,000 ரூபாயில் 12,000 செலவு போக 48,000 சேர்ந்தால், மொத்தம் 12,23,000 ஆகிறது. விகிதப்படி வரி 63,450 ரூபாய் வரும். ஆனால் 12 லட்சத்துக்கு மேற்பட்ட தொகையைவிட வரி மிகக்கூடாது என்ற நிவாரணத்தால் அது 23,000 ஆகக் குறையும். வரியின் மேல் விதிக்கும் 4 சதவீத செஸ்ஸுடன் 23,920 ரூபாய். ஈட்டிய 48,000இல் ஏறக்குறைய பாதி! பிடித்த 6,000 போக, இன்னும் 17,920 ரூபாய் கட்ட வேண்டும்.

மொத்தம் 12 லட்சத்துக்குள் நின்றிருந்தால், பிடித்த 6,000 ரூபாயை ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெற்றிருக்கலாம். வரியே இல்லாவிட்டாலும், வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் தாக்கல் கட்டாயம் என்பதையும் மறக்க வேண்டாம்.

படி 4: முன்கூட்டியே கட்டுங்கள்

டிடிஎஸ் போக, கட்ட வேண்டியது 10,000 ரூபாயை எட்டினால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15ஆம் தேதிக்குள் தவணைகளாக அட்வான்ஸ் டாக்ஸ் கட்ட வேண்டும், தவறினால் வட்டி. 44ஏடிஏ வழியில் செல்வோருக்கு மார்ச் 15 என்ற ஒரே தவணை. சம்பளம் வாங்குவோருக்கு நான் பரிந்துரைப்பது, இந்த வருமானத்தை அலுவலகத்தில் தெரிவித்து, வரியைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளச் செய்வது.

படி 5: சரியான படிவத்தில் தாக்கல் செய்யுங்கள்

சம்பளக்காரர்களுக்குப் பழகிய ஐடிஆர்-1 படிவத்தில் இத்தொழில் வருமானத்தைக் காட்ட இயலாது. செலவுக் கணக்குக் காட்டுவோர் ஐடிஆர்-3, 44ஏடிஏ வழியில் செல்வோர் பொதுவாக ஐடிஆர்-4. தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் ஆதார் ஓடிபி கொண்டு சரிபார்த்துவிடுங்கள். நாள் கடந்து சரிபார்த்தால், அன்றுதான் தாக்கல் செய்ததாகக் கொள்ளப்படும்.