கீபோர்டுக்கு ப்ளூடூத் வேணாம்

மொட்டை மாடியில ஊமைப்பட காமெடி போட்டு லைவா பியானோ வாசிக்கப் போறீங்கன்னா, கீபோர்ட ப்ளூடூத் ஸ்பீக்கர்ல கனெக்ட் பண்ணாதீங்க, ஹெட்போன் ஓட்டையில இருந்து ஸ்பீக்கர்ல வெளிச் சத்தத்த உள்ள வாங்குற ஆக்ஸ் ஓட்டைக்கு ஒரு வயர் போட்டுடுங்க. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல சல்லிசா கிடைக்கும், ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி கீபோர்டுக்குப் பின்னாடி பாத்துக்கோங்க, சிலதுல 6.3 மிமீ பெரிய ஓட்டை, சிலதுல 3.5.

ப்ளூடூத்ல சத்தத்த சுருக்கி அனுப்பி மறுபடி விரிக்கிறதுக்குள்ள 100, 200 மில்லிசெகண்ட் போயிடுது. பாட்டு கேக்குறப்ப தெரியாது, ஆனா 1928ல வந்த ஸ்டீம்போட் பில் ஜூனியர்ல வீட்டு முன்சுவர் அப்படியே ஹீரோ பஸ்டர் கீட்டன் மேல சாயும், ஜன்னல் ஓட்டைக்கு நேரா நின்னதால தப்பிப்பார் பாருங்க, அங்க அந்த 'தொம்' லேட்டா விழுந்தா சிரிப்பே போயிடும். அதவிட வாசிக்கிறவங்களுக்கு தான் அழுத்தினதே லேட்டா கேக்கும், தாளம் இழுத்துக்கிட்டே போகும், பாவம்.

நிஜ பியானோன்னா இந்தப் பிரச்சனையே இல்ல. 1931ல வந்த சிட்டி லைட்ஸ் மாதிரி சாப்ளினே மியூசிக் போட்ட படத்துக்கு மட்டும் தயவுசெஞ்சு மேல வாசிக்காதீங்க, அத அப்படியே கேளுங்க.